பந்து வண்டி நிற்காத தெரு

எங்கள் ஆபீஸில் அவனுக்கு நத்தை என்று பெயர். முப்பதுக்கு மேல் முள் ஏறாமல் கார் ஓட்டுகிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவனைக் குறை சொல்லியும் பயனில்லை, வேலை அப்படி. கார்க் கூரையில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் பந்து மாதிரி ஒரு கேமரா. வண்டி போகப் போக அது நாலு பக்கமும் தானே படம் எடுத்துக்கொண்டு வரும். அந்தப் படங்களைச் சேர்த்துத் தைத்த பிறகுதான் நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி, போனில், எங்கோ இருக்கும் ஓர் ஊரின் தெருவில் விரலால் நடந்து போகிறீர்கள். நத்தை ஓட்டுவான். நான் மடியில் கணினியை வைத்துக்கொண்டு, படம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பேன். அதனால் நான் பெட்டி. பத்து வருடமாக நத்தையும் பெட்டியும் ஒரே வண்டியில்தான்.

பேர்போன இடங்களெல்லாம் ஆபீஸில் செல்வாக்கு உள்ளவர்களுக்குப் போய்விடும். எங்களுக்கு வாய்த்தது நாட்டின் மிச்சம் மீதி. கடல் பின்வாங்கிப் போனதால் வயலுக்கு நடுவில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கும் கலங்கரை விளக்கம். ரயில் வராத ஸ்டேஷன், அதன் நடைமேடையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஆடுகள். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று உள்ளூரில் ஒருவருக்கும் தெரியாத கல் கோபுரம். ஒரே ஊருக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பலகை நட்டு அடித்துக்கொள்ளும் ஜனங்கள். இதையெல்லாம் நத்தைக்குச் சம்பளம் கொடுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்த மகானுபாவன் ஒன்றையும் பார்த்ததில்லை. "அந்த அருவி ஞாபகம் இருக்காய்யா?" என்று கேட்டால், "எது, ரிவர்ஸ் எடுக்க இடமில்லாத ஊரா?" என்பான். கலங்கரை விளக்கம் அவனுக்கு, இடது பக்கம் சாக்கடைக்கு மூடி இல்லாத இடம்.

எங்கள் வேலையில் முக்கியமான சட்டம் ஒன்றுதான். கேமரா ஓடும்போது வண்டி நிற்கக் கூடாது. நின்றால் ஒரே இடத்துப் படம் குவிந்து குழம்பிப்போகும். அந்தத் தெருவையே தள்ளிவிடுவார்கள், முதலிலிருந்து ஓட்ட வேண்டும். யார் கை காட்டினாலும், தெரிந்த முகமே எதிரில் வந்தாலும், ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நத்தை இதில் புலி.

வீட்டில் அவன் மனைவிக்கு அவன் எப்போதாவது வந்து போகிற விருந்தாளி. அவனுக்கு ஒரே ஓர் அக்கா. அம்மா நோயில் கிடந்த காலத்தில் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தவள். அந்த அக்காவின் கணவர் திடீரென்று இறந்தபோது, நாங்கள் மலைக்கு அந்தப் பக்கம், போன் சிக்னல் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தாக்கில் இருந்தோம். அவன் மனைவி முதல் நாளே போய்விட்டாள். இவனுக்குச் செய்தி கிடைத்து, அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேறு வண்டிக்குக் காத்திருக்க மனமில்லாமல் ஆபீஸ் காரிலேயே போயிருந்தோம். அதுதான் வினையாகப் போயிற்று. துக்க வீட்டு வாசலில் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பந்து வண்டி, பந்து வண்டி என்று ஒரே கும்மாளம். அக்கா வெளியே வந்து அதைப் பார்த்தாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் வழி காட்டுற. உன் அக்கா வீட்டுக்கு வர மட்டும் வழி தெரியல, இல்லடா?"

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு மூன்று வருடமாக அவன் மனைவியோடு பேச்சு உண்டு, இவனோடு இல்லை. இவன் போன் செய்தால் எடுக்க மாட்டாள். நேரில் போக இவனுக்குத் தைரியம் கிடையாது.

"போனா கதவைச் சாத்திடுவா, பெட்டி. அதை என்னால தாங்க முடியாது."

"சாத்தினா சாத்தட்டும்யா. வாசல்லயே உக்காரு. எவ்வளவு நேரம் சாத்தி வச்சிருப்பாங்க?"

நான் சொல்லாத வார்த்தையில்லை. செவிடன் காதில் ஊதின சங்குதான்.

இந்த வருடம் எங்களுக்கு ஒதுக்கிய ஊர்களில் அக்காவின் ஊரும் வந்துவிட்டது. வந்த நேரம் சரியில்லை. நிற்காமல் ஓட்டுவதில் புலியாக இருந்தவனுக்கே, அதற்கு முன்பு இரண்டு தெருக்கள் திரும்பி வந்திருந்தன. ஒரு தடவை குஞ்சுகளோடு குறுக்கே வந்த கோழிக்காக நின்றான், இன்னொரு தடவை கீழே விழுந்த சைக்கிள்காரரைத் தூக்கிவிட இறங்கினான். "இன்னொரு தெரு திரும்பி வந்தா, சாவியை மேசையில வச்சிட்டுப் போயிடு" என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அன்று காலை நத்தை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான்.

"என்னய்யா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்க?"

"தெருவை முடிச்சிட்டு, கேமராவை ஆஃப் பண்ணிட்டு, திரும்பி வந்து இறங்கப் போறேன். இன்னிக்கு அவ என்ன சொன்னாலும் சரி."

அக்காவின் தெரு நீளமானது, கோடு போட்ட மாதிரி நேரானது. நாங்கள் திரும்புவதற்குள் பிள்ளைகளின் கூச்சல் எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. அக்கா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். கையிலிருந்த ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று கேட்டை நோக்கி வந்தாள்.

"யோவ், அக்கா வர்றாங்க. நிறுத்துய்யா!"

அவன் நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாலையைத் தவிர வேறெதையும் பார்க்காமல், அதே முப்பதில் கேட்டைத் தாண்டிப் போனான். எனக்கு அவன் பிடரியில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது. கடைசியாக நான் பார்த்தபோது அக்கா குனிந்து, கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள்.

தெருமுனையில் கேமராவை நிறுத்தினோம். வண்டியைத் திருப்பலாமென்றால், செங்கல் லாரி ஒன்று குறுக்கே நின்றது. கெஞ்சி, கத்தி, அது நகர்ந்து, நாங்கள் திரும்பி வந்தபோது கேட் பூட்டியிருந்தது. வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. முற்றத்தில் வாளியும் துணியும் அப்படியே கிடந்தன.

"அக்கா... நான்தான்க்கா."

கதவு திறக்கவில்லை. கழுத்து வலிக்கிற அளவுக்கு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து வண்டியில் உட்கார்ந்தான்.

"பார்த்தியா? தாழ் போடத்தான் ஓடி வந்திருக்கா. நான் உள்ள வந்துடுவேன்னு."

தாழ்ப்பாளில் இருந்த கையை நானும் பார்த்தவன்தானே. நானும் அப்படித்தான் நம்பினேன். அன்றிலிருந்து அவன் ஆளே ஒடுங்கிப் போனான். சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்து உட்கார்ந்திருப்பான்.

படங்கள் வெளியே போவதற்கு முன் ஆபீஸில் ஒரு வேலை உண்டு. மனிதர்களின் முகங்களையும் வண்டி எண்களையும் இயந்திரம் மங்கலாக்கிவிடும். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று எங்களில் ஒருவர் பார்க்க வேண்டும். அக்காவின் தெரு என் மேசைக்கு வந்தது. மனசு கேட்காமல் ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். அக்கா கேட்டை நோக்கி வருகிறாள். கேட்டின் ஒரு பக்கக் கதவைத் திறக்கிறாள். குனிகிறாள். அடுத்த படத்திலும் குனிந்திருக்கிறாள். அதற்கடுத்த படத்திலும். பின்பக்கம் பார்த்த படங்களுக்குப் போனேன். எங்கள் வண்டி தாண்டிப் போய்விட்டது. கேட்டின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருக்கின்றன. நடுவில் அக்கா நிற்கிறாள். முகம் மங்கல்.

நத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தான்.

"ஆளு வரணும்னா ஒரு கதவு போதும், பெட்டி. அந்த ரெண்டாவது கதவை மாமாவோட வண்டிக்குத்தான் திறப்பாங்க. அவர் போனதுக்கப்புறம் அதுக்கு வேலையில்ல. தரையில இறங்கியிருக்கிற தாழ், துருப் பிடிச்சிருக்கும். அதைத்தான் இழுத்திருக்கா." திரையில் அந்தக் கேட்டை விரலால் தொட்டான். "நம்ம வண்டிக்குத் திறந்திருக்கா. இந்தப் பந்து வண்டிக்கு."

ஆபீஸ் நடுவில், நாலு பேர் பார்க்க, வாய்விட்டு அழுதான்.

மறுநாள் பஸ்ஸில் கிளம்பினான். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவான் என்று எனக்குச் சந்தேகம், அதனால் நானும் ஏறிக்கொண்டேன். கேட் தட்டும் சத்தம் கேட்டு அக்கா வந்தாள். இவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருந்தேன். மன்னிச்சிடுக்கா என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். நம்ம ஆள் ஆபீஸ் விஷயத்தை எடுத்து விட்டான்.

"அக்கா, அன்னிக்கு எடுத்த படம் சீக்கிரம் வெளிய வந்துடும். நீ கேட்டைத் திறந்து வச்சது, நான் நிக்காம போனது, எல்லாம் அதுல இருக்கு. வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டா வீட்டையே தெரியாம மறைச்சிடலாம். யாரும் பாக்க முடியாது. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் எழுதிக் குடுத்துடுறேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மறைக்காத. நான் திறந்து வச்சிட்டு நின்னதை எல்லாரும் பாக்கட்டும். நீ நிக்காம போனதையும் பாக்கட்டும்."

அவன் தலை கவிழ்ந்து நின்றான். அக்கா அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.