எட்டாவது அடியில் கூப்பிடுவார்கள்

கடைக்குள் நுழையும் முன் ஜாய்ஸ் தன் செருப்பைக் கழற்றித் தெருவைப் பார்க்கத் திருப்பி விடுகிறார். செங்கல்பட்டுக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு இதன் அர்த்தம் தெரியும். இந்த அம்மாள் எப்படியும் ஒரு தடவை எழுந்து கிளம்பப் போகிறார். அப்போது செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. வீறாப்பாக எழுந்தவர் வாசலில் செருப்புத் தேடினால் மரியாதை போச்சு என்பது அவர் கட்சி.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு ஜாய்ஸ்தான் மேற்பார்வை. நாற்பத்தெட்டு வயது. கணவர் ஏசுபாதம் இறந்து பதினோரு வருஷமாகிறது. நான் அதே விடுதியின் வரவேற்பு மேஜையில் இருபது வருஷமாகச் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். யாரிடமும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் தலையைக் கண்டால் கீரைக்காரிகூட ஐந்து ரூபாய் ஏற்றிச் சொல்கிறாள் என்பது என் மனைவி வத்சலாவின் தீராத புகார். மகள் ஹம்சினிக்கு லேப்டாப் வாங்க வேண்டி வந்தபோது, வத்சலா நம்பியது ஜாய்ஸைத்தான்.

ஹம்சினி படூரில் கல்லூரி ஹாஸ்டலில் தங்கி அனிமேஷன் படிக்கிறாள். அந்தப் படிப்புக்குச் சாதாரண லேப்டாப் தாங்காதாம், கேமிங் லேப்டாப்தான் வேண்டுமாம். விலையைக் கேட்டதும் நான் தவணைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஜாய்ஸ் அசரவில்லை. “மாசக் கடைசிலதான் சார் போவணும். கடக்காரனுக்கு மாசத்துக்கு இத்தினி விக்கணும்னு டார்கெட்டு கீது. முப்பதாந்தேதி சாயங்காலம் அவன் மூஞ்சப் பாருங்க, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற புருஷன் மாதிரி இருப்பான்” என்றார். அந்த ஜூன் முப்பதாம் தேதி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் செங்கல்பட்டு போய் இறங்கினோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆனந்தன் என்பவரின் கடை. ஜாய்ஸ் உட்கார்ந்ததும் பர்ஸிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து செலோ டேப் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து, கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி, ரேம் பின்னால் ஏற்ற இடம் இருக்கிறதா, சூடானால் ஃபேன் எவ்வளவு சத்தம் போடும் என்று வரிசையாகக் கேட்டார். ஆனந்தன் புது மாடலைக் காட்டி, தட்டினால் வானவில் நிறத்தில் எரியும் கீபோர்டைத் தட்டிக் காட்டினார். ஜாய்ஸ் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இதே கார்டோடு போன வருஷ மாடல் உள்ளே பெட்டியில் இருக்குமே, அதை எடுங்கள் என்றார். இருந்தது. போனில் ஆன்லைன் விலையைக் காட்டினார். பையும் மவுஸும் இனாமாகத் தருகிறேன் என்றதற்கு, அதை நீயே வைத்துக்கொண்டு அதற்கான காசைக் கழி என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆனந்தனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் ஆனந்தன் இதற்கு மேல் முடியாது என்றார். ஜாய்ஸ் எழுந்தார். எனக்கும் கண்ணைக் காட்டினார். நடக்கும்போது முதுகை நேராக வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கவே கூடாது என்று பஸ்ஸிலேயே பாடம் எடுத்திருந்தார். “எட்டாவது அடில கூப்புடுவான். திரும்புனீங்கன்னா அவ்ளோதான், நம்ம மூஞ்சில எழுதி ஒட்டிகினு கீறது அவனுக்குத் தெரிஞ்சிடும். மொத கொரல் யாருதோ அவன்தான் எறங்கணும்.” நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். ஏழாவது அடியில் “அம்மா, வாங்க, வந்து உக்காருங்க” என்று குரல் வந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைந்தது. பையும் மவுஸும் அப்புறமும் இனாமாக வந்தன.

திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். இவ்வளவு விவரம் எங்கே படித்தீர்கள் என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். சும்மா இருந்திருக்கலாம். அவர் தாளைப் பிரித்து என் மடியில் வைத்தார். சின்னச் சின்னதாக, அழகான பையன் கையெழுத்து. கீழே ‘அம்மா, இதில் ஒண்ணுகூட குறையக் கூடாது’ என்று கோடு போட்டு எழுதியிருந்தது.

எழுதியவன் ஹேமந்த், அவருடைய ஒரே பிள்ளை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் செய்யும் தொழில் படிக்க ஆசைப்பட்டு ஒரு கோர்ஸில் சேர்ந்தான். அதற்கு லேப்டாப் வேண்டும். தொண்ணூற்றிரண்டாயிரம் விலை. ஜாய்ஸ் இல்லை என்று சொல்லவில்லை, பணமும் சேர்த்துத்தான் வைத்திருந்தார். மாசக் கடைசி வரட்டும் என்றார். வந்தது, கடைக்காரர் மூவாயிரம் இறங்கினார், இன்னும் இறங்குவார் என்று அடுத்த மாசக் கடைசிக்குக் காத்திருந்தார். இப்படி நாலு மாசம். கோர்ஸில் மற்றவர்கள் பாடத்தில் எங்கேயோ முன்னேறிவிட, ஹேமந்த் பிறத்தியார் லேப்டாப்பில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது மாசம் இருபத்தெட்டாம் தேதி, இன்றைக்கு வாங்கித் தராவிட்டால் வீட்டை விட்டுப் போகிறேன் என்று பையைத் தூக்கினான். இன்னும் இரண்டே நாள் பொறுக்க மாட்டானா என்று ஜாய்ஸுக்குக் கோபம். சரி, போ என்று சொல்லிவிட்டார்.

“பேரம் பேசறான்னு நெனச்சேன் சார்” என்றார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். “எட்டு அடி, பத்து அடி, திரும்பி வந்துடுவான்னு நெனச்சேன். நான் நின்னுகினு இருந்தா எறங்கிட்டேன்னு ஆயிடுமே. அதான் உள்ள போய்ட்டேன்.”

புதுப்பட்டினத்தில் அவர்கள் தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதனடியில் ஹேமந்த் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தானாம். ரொம்ப நேரம் நின்றானாம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹெலன் இதை மறுநாள்தான் சொன்னார். அவன் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

முப்பதாம் தேதி ஜாய்ஸ் தனியாகப் போய் எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்கு அந்த லேப்டாப்பை வாங்கி வந்துவிட்டார். ஹெலனை அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லச் சொன்னார். ஒரு மாசம் கழித்து, நானே வாங்கிக்கொண்டேன் என்று அவனிடமிருந்து பதில் வந்தது. கோர்ஸை விட்டுவிட்டு ஒரு வேலையில் சேர்ந்து, தவணையில் வாங்கினானாம். கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டான், ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ் என் மடியிலிருந்த தாளை எடுத்து மறுபடி எட்டாக மடித்தார். அவன் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார், இவர் கூப்பிடட்டும் என்று அவன் இருந்திருப்பான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவன் இருப்பது ஏதோ சீமையில் இல்லை, படூரில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

எனக்குச் செய்த உதவிக்கு ஜாய்ஸ் ஒன்றே ஒன்று கேட்டார். “உங்க பொண்ணு அந்தப் பக்கந்தானே சார் கீது. பொட்டி பிரிக்காம அப்படியே கீது. பழைய மாடலாப் பூடுச்சி, பரவால்ல. அவன் கைல குடுக்கச் சொல்றீங்களா?” இதற்கு நான் எப்படி மாட்டேன் என்பேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹம்சினி ஆட்டோவில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

ஹேமந்த் கீழே இறங்கி வந்தானாம். மரியாதையாகப் பேசினானாம். பெட்டியைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, அம்மா எவ்வளவுக்கு முடித்தார்கள் என்பது. ஹம்சினி தொகையைச் சொன்னதும் சிரித்துவிட்டான். அப்புறம், தன்னிடம் ஒன்று இருக்கிறது, இதை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டான்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நான்தான் புதுப்பட்டினம் போனேன். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு ரூம் காலியில்லை என்று சிரித்தபடி சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஜாய்ஸ் பெட்டியை வாங்கிக் கட்டிலில் வைத்தார். அழவில்லை. அவன் இளைத்திருக்கிறானா என்று கேட்டார், விலையைக் கேட்டுச் சிரித்தானா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “மாடியேறும்போது திரும்பிப் பாத்தானா சார்?” என்றார்.

பார்த்தான். படி திரும்பும் இடத்தில் நின்று ஒரு தரம் பார்த்தான் என்று ஹம்சினி சொல்லியிருந்தாள். நான் மறைக்கவில்லை.

“உங்க பொண்ணு கூப்ட்டுச்சா?”

கூப்பிடவில்லை. வேண்டாம் என்றவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று நினைத்துப் பேசாமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள். யாரையும் வற்புறுத்தத் தெரியாத சுபாவம், என்னிடமிருந்து போனது. இல்லை என்று தலையை ஆட்டினேன். ஜாய்ஸ், “சரி சார், சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்” என்று எனக்கே சமாதானம் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தார். பாதிதான் குடிக்க முடிந்தது.

விடைபெற்றுத் தெருவில் நடந்தேன். தண்ணீர்த் தொட்டி வந்தது. கதையைக் கேட்டவன் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் திரும்பாமல் இருக்க முடியாது. திரும்பினேன். ஜாய்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிய கணமே அவர் வலது கை மேலே போனது. வா, வா என்று அழைத்தது.

எதையோ மறந்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று வேகமாகத் திரும்பிப் போனேன். என்னம்மா என்று கேட்டேன்.

“ஒண்ணியும் இல்ல சார். போய்ட்டு வாங்க” என்றார், என்னைத் தாண்டித் தொட்டியடியைப் பார்த்தபடி.

மறுபடி நடந்தேன். தொட்டியைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். தெரு காலியாகத்தான் இருந்தது. வாசலில் ஜாய்ஸின் அந்தக் கை இன்னும் கீழே இறங்கவில்லை.