இல்லாத அணியின் வெற்றிகள்

திங்கட்கிழமை காலை, பலேர்மோ நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. என்னைக் கேட்டு அந்த வீட்டுக்கு யாரும் எடுப்பதில்லை. வீட்டுக்காரச் சின்யோரா ரிசீவரை நீட்டினார். மறுமுனையில் யோகன், சிவபாதம் அண்ணையின் மச்சான். "அண்ணை போயிட்டார்" என்றார். பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடியே மாரடைப்பு வந்திருக்கிறது. தூங்குகிறார் என்று நினைத்துக் கடைசித் தரிப்பில் சாரதி எழுப்பிப் பார்த்திருக்கிறார். ஐம்பது வயதுகூட நிரம்பாத மனிதர்.

பலேர்மோவில் நம்மவர்களில் சிவபாதங்கள் சிலர் உண்டு. இவரை 'ஐஸ் சிவபாதம்' என்றால்தான் தெரியும். வெயில் கொளுத்தும் இந்த ஊரில், கோவில் திருவிழாவில்கூட ஐஸ் ஹொக்கி பற்றிக் கதைக்கக்கூடிய ஒரே தமிழர் அவர். ஆளைக் கண்டால் சிலர் பாதை மாறிப் போனதும் உண்டு. நான் போக முடியாது, அல்பெர்கேரியாப் பகுதியில் அவருடன் ஒரே அறையில் இருந்தவன்.

இந்தப் பைத்தியம் அவருக்கு வேலை செய்த வீட்டில் தொற்றியது. அங்கே சின்யோர் வால்ட்டர் என்ற முதியவரை அண்ணை பார்த்துக்கொண்டார். அவர் இத்தாலியின் வடக்கு மலையில் பிறந்தவர். பலேர்மோப் பெண்ணைக் கட்டித் தெற்கே வந்தவர். இளமையில் தம் கிராமத்து அணியின் கோல்காப்பாளர். கண் பார்வை போன பிறகு, டிவியில் எழுத்தாக வரும் செய்திப் பக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் முடிவுகளை அண்ணைதான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

இத்தாலியின் ஐஸ் ஹொக்கி முதல் பிரிவில் ஆடிய அணிகள் பாதி மலைக் கிராமங்களுடையவை. எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் சனம்கூட இல்லாத ஊர்கள். உறைந்த ஏரியில் ஆடத் தொடங்கி, பிறகு கூரை போட்ட மைதானம் கட்டி, பெரிய நகரத்து அணிகளை மடக்கியவை. பிழைக்கக் கனடா போனவர்களின் பேரன்மார் திரும்பி வந்து பாட்டன் ஊருக்காக ஆடுவார்கள். அண்ணைக்கு அவர்களில்தான் உயிர். தொண்ணூறுகளில் நகரத்துப் பணக்காரர்கள் அணிகளை வாங்கத் தொடங்கினார்கள். ஆட்டக்காரரின் சம்பளம் ஏறியது. சின்னக் கிராமங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

ஒரு இலையுதிர் காலத்தில் அண்ணை புதிய பட்டியலை வாசிக்கத் திறந்தால், வால்ட்டரின் அணியைக் காணவில்லை. கலைத்துவிட்டார்கள். கிழவர் காதைக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். அண்ணையின் வாயில் வந்தது: "முதல் ஆட்டம் வெண்டிட்டினம்."

அதன் பிறகு சனிக்கிழமை சமைக்கும்போதே மறுநாள் முடிவை நாங்கள் இருவரும் பேசி வைப்போம். அண்ணைக்கு அந்த அணியைத் தோற்கடிக்க மனம் வராது. கோல் எல்லாம் கனடாப் பேரன்தான் போடுவான். ஒரு கிழமை கற்பனை வறண்டு, கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பழக்கத்தில், மழையால் ஆட்டம் நின்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். கூரை போட்டுப் பல காலமாயிற்றே என்று கிழவர் கேட்க, கூரை ஒழுகுகிறதாம் என்று சமாளித்தார். அன்றிரவு இருவரும் சிரித்துச் சிரித்துச் சோறு ஆறிப்போனது.

சிரிப்பு மாசி மாதத்தோடு முடிந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவர், அண்ணையின் அம்மா போன வருடமே இறந்ததைத் துக்கம் விசாரிக்கும் முறையில் சொல்லிவிட்டார். அண்ணைக்கு அப்போதுதான் தெரியும். தூரத்தில் தனிய இருக்கிற பிள்ளை தாங்காது என்று வீட்டார் மறைத்திருந்தார்கள். நம்மவர்கள் அன்பு என்று நினைத்துச் செய்யும் வழக்கம்தான். கடிதம்தோறும் 'அம்மா சுகம்' என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணை அழவில்லை. கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு வருசமாய்ச் செத்த மனிசிக்குச் சுகம் விசாரிச்சிருக்கிறன். அழவேண்டிய நேரத்தில என்னை அழ விடேல்லை."

அந்த ஞாயிறு போய்க் கிழவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போகும் என்றுதான் நான் நினைத்தேன். வால்ட்டர் தமது பழைய ஆட்டச் சட்டையை எடுத்துத் தரச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம். அழுது முடிய, "தொலைக்காட்சியை நிறுத்து. இனி நான் சொல்கிறேன், நீ கேள்" என்றாராம். ஏரியில் ஆடிய முதல் வருடத்திலிருந்து தொடங்கி, ஞாயிறுதோறும் அந்த அணியின் கதையைத் தாம் சாகும்வரை சொன்னார். அந்தக் கதைகளைச் சொல்லித்தான் அண்ணை எங்கள் காதைத் துளைத்தார்.

இப்போது அண்ணை போன பிறகு, நாங்கள் எல்லாரும் எங்கள் இருவரின் அறையில் கூடியிருந்தோம். அவருடைய ஐயா பின்னாளில் ஊரைவிட்டு வந்து கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறார். ஞாயிறுதோறும் மகனின் அழைப்புக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருப்பவர்.

"ஐயா தாங்கமாட்டார். வடக்கு மலைப்பக்கம் வேலைக்குப் போயிட்டார், அங்கை போன் இல்லையெண்டு சொல்லுவம்" என்றார் யோகன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணை அந்தக் கட்டிலில் இருந்து சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். பிறகு யோகன், "அப்ப நீயே எடுத்துச் சொல்லு" என்றார். தொலைபேசி அட்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

ஞாயிறு பின்னேரம் எடுத்தேன். முதல் மணியிலேயே ஐயா எடுத்துவிட்டார். "தம்பி சிவம்" என்றார். நான் சிவம் இல்லை என்றேன். பிறகு சொன்னேன். அவர் அழுதது எனக்குக் கேட்டது. நானும் அழுதேன், வேறு என்ன செய்ய. அழுகை கொஞ்சம் அடங்க, ஐயா கேட்டார்:

"நான் அவனைக் கண்டு கனகாலம், தம்பி. அங்கை என்னெண்டு இருந்தவன்? முதலிலயிருந்து சொல்லு."

நான் ஐஸிலிருந்து தொடங்கினேன். மழையால் நின்ற ஆட்டத்துக்கு வந்தபோது, ஐயா அழுகையோடு அழுகையாய்ச் சிரித்தார். அட்டை முடிந்து தொடர்பு அறுந்தது. அடுத்த ஞாயிறு நான் எடுத்தபோதும் முதல் மணியிலேயே எடுத்தார்.

அண்ணை, ஐயாவுக்கு ஒளிக்காமல் சொல்லிப்போட்டம். அழுகிறார், இன்னும் கேக்கிறார். நீங்கள் போய் வாங்கோ.