புள்ளி ஒன்றுக்கு மூலம்

பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே, 0.1-இன் வர்க்கமூலம் 0.1 என்று நம்பி ஒரு வயலில் முளைக்குச்சி அடித்தவன் நான். ஒன்றுக்கு மூலம் ஒன்று. புள்ளி ஒன்றுக்குப் புள்ளி ஒன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யுத்த காலம். கல்யாணமான புதிதில் இண்டூருக்கு, மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் விதைத்தாக வேண்டும். தவறினால் அத்தனையும் பாழ்.

"வயல்ல பத்துல ஒரு பங்கு நாத்தங்காலுக்கு வுடணுங்க மாப்ள" என்றார் மாமனார், ஒரு பேச்சுக்கு. நான் பேச்சோடு விடுகிற ஆளா? வயல் ஏறக்குறையச் சதுரம். அதன் ஒரு பக்கத்துக்குக் கயிறு பிடித்து, அதைப் பத்தாக மடித்து, ஒரு மடிப்பளவுக்குச் சதுரம் போட்டு நாலு மூலையிலும் குச்சி அடித்தேன்.

மாமனார் அதைச் சுற்றி வந்தார். சுற்ற அதிக நேரம் ஆகவில்லை.

"கொஞ்சம் அடக்கமா இருக்குங்களே?"

"கணக்குங்க மாமா."

"நீங்க சொன்னாச் சரிங்க."

புது மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுவது அங்கே வழக்கமில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. அந்தச் சதுரம் வயலுக்குள் எத்தனை அடங்கும்? பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. நூறு! பத்தில் ஒன்று எங்கே போயிற்று?

காகிதத்துக்குப் பஞ்சம். மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் புள்ளி ஒன்றுக்கு வர்க்கமூலம் போட்டேன். புள்ளிக்கு அப்பால் எண்களை இரண்டிரண்டாகப் பிடிக்க வேண்டும்; தனியாக நிற்கும் ஒன்றுக்கு ஒரு சுழியைத் துணைக்கு நிறுத்தினால் பத்து. மும்மூன்று ஒன்பது, மீதி ஒன்று. மேலும் சுழிகளை இறக்கினால் அடுத்து ஒன்று, பிறகு ஆறு. 0.316! அதாவது மூன்று மடிப்புக்குச் சற்று மேல்.

ஆனால் மூலம் எண்ணைவிடப் பெரிதாக இருக்கிறதே? சந்தேகத்துக்குப் புள்ளி ஐந்தைப் போட்டேன். அதுவும் பெருத்தது. புள்ளி ஒன்பதுகூடக் கொஞ்சம் பெருத்தது. ஒன்றுக்குக் கீழே போனால் இதுதான் நியாயம் போலிருக்கிறது! சுவர் தீரும்வரை போட்டேன். மாடுகள் வந்து கட்டுத்தறியில் நின்றதுகூடத் தெரியவில்லை.

காலையில் விழித்ததும்தான் விதைநெல் ஞாபகம் வந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். மறுகோடியில் வருஷா வருஷம் விடுகிற அகலத்துக்கே நாற்றங்கால் விட்டு, விதைத்தும் முடித்திருந்தார் மாமனார். என் சதுரத்தின் ஒரு மூலைக் குச்சியில் கன்றுக்குட்டி கட்டியிருந்தது.

"மாமா, நேத்துக் கணக்குல ஒரு தப்பு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்ள. குச்சி நல்லாக் கெட்டியா அடிச்சிருக்கீங்க."