வாய்க்கால் வரம்பில் தனியே

கணவர் காய்ச்சலில் மௌத்தாகி, வீட்டோடிருந்து துக்கம் காக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் நற்பிட்டிமுனை வயலை நானே பார்க்க வேண்டியதாயிற்று. ஆசிரியையான என் தங்கையின் சைக்கிளை மருதமுனை மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். பிறகு அவள் பின்னால் நடந்துவர, வாய்க்கால் வரம்பில் ஏறினேன்.

அவர் என்னைக் கரியரில் ஏற்றி எத்தனையோ முறை கூட்டிப்போன வழிதான். அவரது முதுகு மறைத்ததால் அது எவ்வளவு ஒடுக்கம் என்று நான் கண்டதேயில்லை. பயத்தில் தண்ணீரையே பார்த்தேன். சைக்கிளும் தண்ணீருக்குள் போனது. சேலை சங்கிலியில் சிக்கி, மூச்சு முட்டியது. தங்கை குதித்துத் தூக்கினாள்.

"ராத்தா, நோகுதா?"

"ஓம்" என்றவள் அப்படியே அழுதேன். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

"இனி வேணாம், ஆளை வச்சுப் பாப்பம்" என்றாள். மறுநாளும் போனேன்.

இப்போது தண்ணீரைப் பாராமல், தூரத்து வரம்பைப் பார்த்தே மிதிக்கிறேன். மிக ஒடுங்கிய இடத்தில் இறங்கி உருட்டுகிறேன். வயலைச் சேர்ந்ததும், "வந்துட்டன்" என்று சொல்ல ஆளில்லாததுதான் இன்னும் பழகவில்லை.