பெட்டிக்கு யார் பெல்ட் போடுவது?

சரக்கு விமானம் ஓட்டுகிற அவளுக்கு வீட்டுக்காரர் வைத்த பேர் ‘பெட்டிக்காரி’. “உன் பயணிங்க சோறு கேக்க மாட்டாங்க, சண்டை போட மாட்டாங்க. குடுத்து வச்சவ!” என்பார்.

“தானா பெல்ட்டும் போட்டுக்க மாட்டாங்களே,” என்பாள் அவள். அதனால் ஏறியதும் நேரே பின்பக்கம் போவாள். பெட்டிகளை மூடிய வலையின் ஒவ்வொரு வாரையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் தன் இருக்கைக்கு வருவாள்.

அன்று மத்தியானம் கடைசி வலையில் ஒரு கொக்கி மாட்டாமல் தொங்கியது. முழுசாக அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னாள். பார்சல் கம்பெனி மேலாளர் மூச்சிரைக்க ஏறி வந்தார். விமானத்தின் வாலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது அவர் கம்பெனி பேர். அவளோ அவர்களுக்கு ஒப்பந்தத்தில் ஓட்டித் தரும் சின்னக் கம்பெனியின் ஆள்.

“ஒரு கொக்கிக்காகவா இவ்வளவு அலப்பறை? கிளம்புங்க மேடம்.”

“ஏறும்போது பெட்டி பின்னால சரிஞ்சா விமானமே கவிழ்ந்துடும் சார்.”

“உங்க கம்பெனி இல்லேன்னா எங்களுக்கு இன்னொண்ணு. ஞாபகம் இருக்கட்டும்!”

இந்தப் பூச்சாண்டிக்கெல்லாம் மசிகிற ஆளா அவள்? பக்கத்துப் பெட்டிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“விமானம் எங்க பேர்ல பறக்குது, தெரியுமில்ல?” என்று கத்தினார் மேலாளர்.

“உங்க பேரு வால்லதான் சார் இருக்கு. மூக்குல உட்கார்றது நான். விழுந்தா எது முதல்ல தரையில மோதும்னு சொல்லுங்க, உடனே கிளம்பறேன்.”