புல் இருந்த இடத்தில் குழி தோண்டினேன்

அந்த நிலத்தை உழச் சொன்னது நான்தான். மல்லசமுத்திரம் பக்கம், ஏரிக்கு மேலே இருந்த மேய்ச்சல் நிலம் அது. மரக்கன்றுகள் நடுவதற்காக எங்கள் சேலம் தன்னார்வக் குழு டிராக்டரோடு போயிருந்தது. அங்கே செம்மறி மேய்க்கும் பழனியம்மாள் என்னைத் தடுத்தார்.

"ஏனுங்க, இது ஆடு விரும்பித் திங்கற கொழுக்கட்டைப்புல்லுங்க. உழுதுபோட்டா லேசுல திரும்ப வராதுங்க."

"மரம் வந்தா உங்களுக்குத்தானே நிழல்?" என்று சிரித்தேன்.

உழுது, குழி தோண்டி நட்டோம். மூன்று கோடையில் கன்றுகள் அத்தனையும் கருகின. புல்லும் வரவில்லை. மழைக்கு மண் கரைந்து ஏரிக்குள் இறங்கியது. பழனியம்மாள் பாதி ஆடுகளை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டு, வெட்கத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ தன் வரப்பில் உருவிச் சேர்த்த புல்விதையை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"மழைக்கு முந்தித் தூவோணுமுங்க. நானும் வாரேன்."

பஞ்சாயத்தும் கைகொடுக்க, சேர்ந்து தூவினோம். இப்போது பாதி நிலத்தில் கணுக்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. ஆனால் அவர் இன்னும் ஆடுகளை உள்ளே விடவில்லை.

"வெதை உதிரட்டுமுங்க" என்கிறார்.

முதுகுவலியோடு ஞாயிறுதோறும் களையெடுக்கப் போகிறேன். நல்ல காரியம் செய்கிறீர்கள் என்று யாராவது பாராட்டினால், உழச் சொன்னதே நான்தான் என்று சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த களையைப் பிடுங்குகிறேன்.