நடுங்கிய காந்தாரம்

எங்கள் வாத்தியக் குழுவில் என் கையைப் பார்த்து வாசிப்பவர் ஒருவரும் கிடையாது. "கண்ணைத் திறவுங்கோ, என்னைப் பாருங்கோ" என்று எத்தனை வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், தெரியுமா? அநேகம்பேர் கர்நாடக சங்கீதம் படித்து வந்தவர்கள். வயலின் வில்லைக் கையில் எடுத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். தாளத்துக்கு மிருதங்கத்தைக் கேட்பார்கள். நான் முன்னால் நின்று கையை ஆட்டுவது அவர்களுக்கு யாரோ ஈ கலைக்கிற மாதிரி.

கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். ஞாயிறு பின்னேரங்களில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியோரம் இருக்கிற மண்டபத்தில் இந்தக் குழுவை நடத்துகிறவள். என் சீவியம் இவ்வளவுதான். இதில் குறையொன்றும் எனக்கு இருந்ததில்லை, போன மாரிவரைக்கும்.

போன மாரியில் ஒருநாள் ஆசிரியர் அறையில் நான் பிடித்திருந்த தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிடந்து கடகடவென்று அடித்தது. குளிர் என்று நினைத்தேன். பிறகு ஒத்திகையில் இடது கையை உயர்த்திப் பிடித்தபோது விரல்கள் தம்பாட்டில் ஆடின. மேலே சுழன்ற ஃபேனைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஃபேனை நிற்பாட்டிய பிறகும் கை நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். போனால் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள். பெயர் வந்தால் ஊர் முழுக்கக் கதை வரும், "பாவம் டீச்சர், இனி ஓய்வெடுக்கட்டும்" என்று என்னைக் கதிரையில் இருத்திவிடுவார்கள். கை ஓய்ந்தவளுக்கு ஒரு குழுவின் முன்னால் என்ன வேலை?

அந்த நாட்களில் அவர்கள் கண்ணை மூடி வாசிப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கத்துவதையும் குறைத்துக்கொண்டேன்.

கச்சேரி நாள் வந்தது. மண்டபத்தில் சனம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது மிருதங்கக்காரர் போன் எடுத்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.

"டீச்சர், கப்பல் முந்தி வந்திட்டுது. விடமாட்டாங்களாம். நான் வர ஏலாது."

மிருதங்கம் இல்லாவிட்டால் இவர்களுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? மேடைக்குப் பின்னால் எல்லாரையும் கூப்பிட்டேன்.

"இண்டைக்கு என்ர கைதான் தாளம். கண்ணை மூடினியள் எண்டால் கெட்டம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐயோ, இவ்வளவு காலமும் பார்க்காதவர்கள் இன்றைக்கா பார்க்கவேண்டும்?

பார்த்தார்கள். பயந்த பிள்ளைகள் மாதிரிக் கண் இமைக்காமல் பார்த்தார்கள். முதல் உருப்படிகள் பிசகில்லாமல் போயின. கடைசி உருப்படி நானே அமைத்த சங்கராபரணம். முடிவில் எல்லாரும் சேர்ந்து ஒரு காந்தார ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கவேண்டும். துளி அசைவும் கூடாது. கீபோர்ட் வாசிக்கிற தேவாலயத்துப் பிள்ளைக்கு அசைத்து வாசிக்கப் பழக்கமில்லை, அவளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தேன். வலது கை தாளம் போட, ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்த இடது கையை உயர்த்தினேன். அது ஆடத் தொடங்கியது.

பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்வரத்தை அசைக்கவேண்டிய இடத்தில் கையை அசைத்துக் காட்டுவோம். இவர்களில் பாதிப்பேரை நான் அப்படித்தான் பழக்கினேன். என் விரல் நடுங்கியதைக் கண்டதும் வயலின்கள் எல்லாம் காந்தாரத்தை அசைத்தன. புல்லாங்குழலும் அசைத்தது. நடுக்கம் கூடக்கூட அசைவும் கூடியது. என் வியாதியை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்கள்! எந்த வேளை கையை இறக்கினேன் என்று நினைவில்லை. சனம் எழும்பி நின்று கைதட்டியது.

மூத்த வயலின்காரர், அன்புவழிபுரத்தில் இருந்து வருகிற கந்தோர் உத்தியோகத்தர், வேர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"காந்தாரத்துக்கு அசைவு வேணுமெண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே டீச்சர். மேடையில வைச்சோ எங்களைச் சோதிக்கிறது?"

"அப்பத்தான் தோணினது" என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க நித்திரை இல்லை. இனி எல்லாரும் பார்ப்பார்கள். எத்தனை நாளைக்கு ஒளிக்கலாம்? முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு? நானே சொல்லிவிட்டுப் பொறுப்பை வயலின்காரரிடம் கொடுத்துவிடுவதென்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மிருதங்கக்காரரும் வந்திருந்தார். எல்லாரும் சுருதி சேர்த்து முடித்ததும் சொன்னேன்.

"அண்டைக்கு நான் அசைவு கேக்கேல்லை. என்ர கை நடுங்கினது. கொஞ்ச நாளா இப்பிடித்தான். இனி வயலின் ஐயா முன்னால நிக்கட்டும்."

வயலின்காரர்தான் முதலில் பேசினார்.

"நானோ? எனக்குக் கண்ணை மூடாமல் வாசிக்கவே வராது. முன்னால நிண்டு யாரைப் பாக்கிறது?"

கிண்ணியாவில் அரிசிக் கடை வைத்திருக்கிற புல்லாங்குழல்காரர் குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், கை நடுங்கினா டொக்டரிட்டக் காட்டுவம், நான் கூட்டிட்டுப் போறன். ஆனா அந்த அசைவு எங்கட கைக்குள்ள வந்திட்டு. திரும்ப நேரா வாசிக்க ஏலாது."

"கையைத் தூக்குங்கோ டீச்சர்" என்றாள் கீபோர்ட் பிள்ளை.

கடைசி உருப்படியை எடுத்தோம். காந்தாரம் வந்தது. இடது கையை உயர்த்தினேன். அன்றைக்கென்று பார்த்து அது அசையவேயில்லை. மரக்கட்டை மாதிரி நின்றது.

ஆனால் காந்தாரம் அசைந்தது. வயலினும் குழலும், கச்சேரிக்கு வராத மிருதங்கமும் சேர்ந்து அசைந்தன. கீபோர்ட் பிள்ளைகூட, ஸ்வரத்தை வளைக்கிற ஓரத்துச் சக்கரத்தை உருட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"கண்ணைத் திறவுங்கோ!" என்று கத்தினேன். குரல்தான் நடுங்கியது. ஒருவரும் திறக்கவில்லை.